மதகில்லாத ஏரி

ஏரி என்ற சொல்லைக் கேட்டதும் என் கண்ணில் முதலில் வருவது கரைதான். செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது இயல்பு. ஐப்பசி மழை வலுத்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் குடையோடு கிளம்பிக் கரைக்குப் போவார்கள். எங்கே கசிகிறது, எங்கே நண்டு வளை தோண்டியிருக்கிறது, கலங்கலில் எவ்வளவு வழிகிறது, மதகுப் பலகை இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். தண்ணீர் தானாக வந்துவிடும், அதைப் பிடித்து வைப்பது கரை. 2023 மே மாதம், சிக்கிமின் வடகோடியில், கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கும் மேலே, குருதோங்மார் ஏரியின் முன்னால் மூச்சு வாங்க நின்றபோதும் என் கண் அந்தப் பழக்கத்தில் கரையைத்தான் தேடியது.

கரை இருந்தது. மதகு இல்லை. மண் சுமந்து கொட்டிய கையும் இல்லை. ஒரு பனியாறு மலையைச் சுரண்டிச் சுரண்டி, உடைத்த கல்லையும் மண்ணையும் தள்ளிக்கொண்டு வந்து குவித்துவிட்டுப் பின்வாங்கிப் போயிருக்கிறது. அது போட்டுவிட்டுப் போன மேட்டுக்குள் அதன் உருகிய தண்ணீரே தேங்கி நிற்கிறது.

அங்கே போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. கேங்டாக்கிலிருந்து லாச்சென் என்ற மலையூர் 120 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சமவெளியில் அது இரண்டு மணி நேரப் பயணம், அங்கே ஒரு முழுப் பகல். வட சிக்கிமுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அதை வாங்கித் தரும் பயண முகவர்கள் எட்டு, ஒன்பது பேரைச் சேர்த்து ஒரு ஜீப்பில் ஏற்றி அனுப்புகிறார்கள். என்னோடு வந்தது கொல்கத்தாக் குடும்பம் ஒன்று. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், எல்லோருக்கும் மேலே எழுபதைத் தொடும் ஒரு பாட்டி. வங்காளிகள் வழக்கப்படி நானும் அவரை ‘மாஷிமா’ என்றே கூப்பிட்டேன். ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கும். ஜீப்பில் அவர் எல்லோருக்கும் ‘தாஜு’. நேபாளியில் அண்ணன் என்று பொருள்.

வழி நெடுக தீஸ்தா கூடவே வந்தது. ஒரு வளைவில் காலடியில் இருக்கும், அடுத்த வளைவில் அரைக் கிலோமீட்டர் ஆழத்தில் நூல் போலத் தெரியும். மங்கனைத் தாண்டி, மதியம் சுங்தாங்கில் நிறுத்தினார் தாஜு. லாச்சென் ஆறும் லாச்சுங் ஆறும் அங்கே கூடுகின்றன. அந்தக் கூடலுக்குக் கீழேதான் ஆற்றுக்குத் தீஸ்தா என்ற பெயரே வழங்குகிறது. ஊரையொட்டி 60 மீட்டர் உயர அணை ஒன்று. தீஸ்தா மூன்றாம் கட்ட நீர்மின் திட்டம், 1,200 மெகாவாட், 2017 முதல் மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது. மேலே அவ்வளவு துள்ளிக்கொண்டு வரும் இரண்டு ஆறுகளும் அணைக்குப் பின்னால் பாசி நிறத்தில் அசையாமல் கிடந்தன. ஆற்றோரத் தேநீர்க் கடையின் பலகையில் உட்கார்ந்து அதைப் பார்த்தபடி இரண்டு டம்ளர் டீ குடித்தேன். கடைக்காரப் பெண் இரண்டாவது டம்ளருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

லாச்சென் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரவீடுகள், தகரக் கூரைகள், ஊருக்கு மேலே ஒரு கோம்பா, அதாவது பௌத்த மடம். இங்கே ஊராட்சி மன்றத்துக்குப் பதிலாக ‘ஜும்சா’ என்ற பழைய ஊர்ச்சபை இருக்கிறது. அதன் தலைவர் பிப்பொன். எந்த நாளில் யாக் மாடுகளை மேல் மேய்ச்சலுக்கு ஏற்றலாம், எந்த நாளில் கீழே இறக்கலாம் என்பது வரை இந்தச் சபை சொல்வதுதான் சட்டம். சிக்கிம் அரசும் அதை ஊராட்சிக்கு இணையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2012-இல் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை இந்தச் சபை தடை செய்தது. ஊர் எல்லையில் எங்கள் ஜீப்பையும் சோதித்தார்கள். மாஷிமா மட்டும் கவலைப்படவில்லை, அவர் பையில் இருந்தது ஒரு பித்தளைச் செம்பு. லாச்சென்காரர்களின் பாட்டன்மார் கம்பளியும் மரமும் ஏற்றிக்கொண்டு திபெத்துக்கு வியாபாரம் போய் வந்தவர்கள். 1962 போரோடு அந்த வழி அடைபட்டது. இப்போது வாசலுக்கு வருவது எங்களைப் போன்றவர்கள்.

விடியற்காலை மூன்றரைக்கு மறுபடி ஜீப். நடுப்பகலில் மேலே காற்று எழும்பிவிடும், நிற்கவே முடியாது, அதனால் பத்து, பதினொரு மணிக்குள் ஏரியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்றார் தாஜு. இருட்டில் ஜீப் குலுங்கிக்கொண்டே ஏறியது. வெளிச்சம் வந்தபோது இரண்டு பக்கமும் ஊசியிலைக் காடு, அதன் நடுவே ரோடோடென்ட்ரான் பூத்துக் கிடந்தது. நம் நீலகிரிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசின் உறவுக்காரச் செடிகள்தான். இங்கே வெள்ளையிலும் ஊதாவிலும் வெளிர்மஞ்சளிலும் நின்றன. மேலே போகப் போக அவை குள்ளமாகிக்கொண்டே வந்தன. மரமாக நின்றது புதராயிற்று, புதர் முழங்கால் உயரமாயிற்று. தாங்கு என்ற சிற்றூரில், ஏறத்தாழ 4,000 மீட்டரில், மரம் முடிந்தது. அங்கே ஒரு குடிலில் சூடாக நூடுல்ஸும் காகிதப் பொட்டலத்தில் பாப்கார்னும் தந்தார்கள். பாப்கார்ன் கொறித்தால் மூச்சு முட்டாது என்பது அந்த வழியில் எல்லோரும் சொல்லும் வைத்தியம். மாஷிமா தன் பங்குக்குச் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த கற்பூரத்தை எடுத்து எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். பூஜையறை வாசனையோடு இமயமலை ஏறியது எனக்கு அதுதான் முதல் தடவை.

தாங்குவுக்கு மேலேதான் நான் கொஞ்சமும் எதிர்பாராத நிலம் தொடங்கியது. உயரம் கூடக் கூடப் பனியும் கூடும் என்றுதான் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. பச்சை போயிற்று, ஓடைகளின் இரைச்சல் போயிற்று, கடைசியில் வழியோரப் பனியும் போயிற்று. பழுப்பு மண், சரளைக் கல், அங்கங்கே தரையோடு ஒட்டிய புல். ராமநாதபுரத்துக் கோடையை எடுத்து வந்து குளிரில் வைத்தது போல ஒரு வறட்சி. வங்கக் கடலிலிருந்து கிளம்பும் பருவமழை மேகம் சிக்கிமின் தென்சரிவுகளில் மோதி மோதி மழையாகக் கொட்டித் தீர்கிறது. குறுக்கே நிற்பவை 6,889 மீட்டர் காங்செங்யாவ், அதற்கு மேற்கே 6,829 மீட்டர் சோமோ யும்மோ. அவற்றைத் தாண்டி வருவது ஈரம் பிழியப்பட்ட காற்று மட்டும்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை குறைவதன் காரணம்தான் இங்கும். மலை மட்டும் மூன்று மடங்கு உயரம்.

இந்த இரண்டு சிகரங்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கு வழியாகத்தான் சாலை உள்ளே நுழைகிறது, ஆறும் அதே வழியாகத்தான் வெளியே வருகிறது. இதை நான் வரைபடத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன், புரிந்தது அங்கே போன பிறகுதான். மலை உச்சி நீரைப் பிரிக்கும், ஒரு பக்கத்து நீர் இந்தப் பக்கம், மறுபக்கத்து நீர் அந்தப் பக்கம் என்று பள்ளியில் படித்தோம். இங்கே அப்படி இல்லை. தீஸ்தாவின் தலைநீர் மாபெரும் சிகரங்களுக்குப் பின்னால், வடக்கே, திபெத்தியப் பீடபூமியின் ஓரத்தில் ஊறுகிறது. பின்கட்டில் ஊறிய தண்ணீர் ரேழி வழியாக ஓடி வாசலுக்கு வருவது போல, மலைகளுக்கு நடுவே வழி அறுத்துக்கொண்டு தெற்கே இறங்குகிறது. நீரைப் பிரிக்கும் வரப்பு, ஏரிக்கு வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள ஒரு சாதாரண மேடு. சீன எல்லையும் அங்கேதான். அந்தப் பீடபூமியின் பாறைகள் டெத்திஸ் என்ற பழங்கடலின் அடியில் சேறாகப் படிந்தவை. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவோடு முட்டியதில் கடல் மூடிக்கொண்டது, அதன் தரை வானத்துக்கு ஏறிவிட்டது.

1849-இல் ஜோசப் டால்டன் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் இந்தப் பள்ளத்தாக்கில் ஏறி வந்தார். ரோடோடென்ட்ரான்களைத் தேடி வந்தவர், கையோடு மலைகளையும் அளந்தார். அவரிடம் இருந்த கருவிகளில் ஒன்று வெப்பமானி. தண்ணீரைக் கொதிக்க வைத்து, எத்தனை பாகையில் கொதிக்கிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிடுவது அந்தக் காலத்து முறை. காற்றழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். குருதோங்மார் உயரத்தில் 83 பாகை செல்சியஸுக்கே கொதி வந்துவிடுகிறது. அங்கே பருப்பு வேகாததற்கும் அதுதான் காரணம். ஹூக்கர் அக்டோபரில் எல்லை தாண்டி, தீஸ்தாவின் இன்னொரு தலைநீரான சோலாமு ஏரி வரை போய் வந்தார். நவம்பரில் அவரும் உடன் வந்த ஆங்கிலேய அதிகாரி கேம்ப்பெலும் சிக்கிம் திவானின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். அதைச் சாக்காக வைத்துக் கம்பெனி சிக்கிமின் தென்பகுதியை எடுத்துக்கொண்டது.

அவரை விட என் மனதில் தங்கியவர் அலெக்சாண்டர் கெல்லஸ் என்ற வேதியியல் ஆசிரியர். 1910-இல் சோமோ யும்மோவிலும், 1911-இல் 7,128 மீட்டர் பௌஹுன்ரியிலும், 1912-இல் காங்செங்யாவிலும் ஏறினார். உயரத்தில் மனித உடம்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று ஆராய்ந்த முன்னோடி அவர். 1921-இல் எவரெஸ்டுக்கு முதல் குழு போனபோது வழியில் நோயுற்று, கம்பா சோங் அருகே இறந்தார். அடக்கம் செய்த இடத்திலிருந்து பார்த்தால் அவர் ஏறிய இந்த மூன்று சிகரங்களும் தெரியும்.

ஏரி திடீரென்றுதான் வந்தது. ஒரு பழுப்பு மேட்டில் ஏறி ஜீப் நின்றது. கீழே நீலம். அந்த நீலத்துக்கு உவமை தேடி நான் இதுவரை தோற்றிருக்கிறேன். காரணத்தை மட்டும் சொல்ல முடியும். பனியாறு பாறையை அரைக்கும்போது மாவு போல நுண்ணிய தூள் உண்டாகிறது. எவ்வளவு நுண்மை என்றால், தண்ணீரில் எளிதில் அடியில் படியாது, மிதந்துகொண்டே இருக்கும். அது வெயிலைச் சிதறடிக்கும் விதத்தில்தான் பனியாற்று ஏரிகளுக்கு நீலமும் பச்சையும் கலந்த அந்த நிறம் வருகிறது. ஓரங்களில் இன்னும் பனிப்பாளம் மிச்சமிருந்தது. தென்புறம் காங்செங்யாவ் முழு வெள்ளையாக எழுந்து நின்றது. தண்ணீரில் செங்காவி நிறத்தில் இரண்டு வாத்துகள்.

பரப்பு 118 ஹெக்டேர், ஏறத்தாழ 290 ஏக்கர். எங்கள் பக்கத்தில் இது நடுத்தர ஏரி. சுற்றளவு 5.34 கிலோமீட்டர். உயரத்தில்தான் குழப்பம். சுற்றுலாக்காரர்கள் 17,800 அடி என்று சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது. அளவீடுகள் 5,180 மீட்டரை ஒட்டி, அதாவது 17,000 அடி என்கின்றன. என் நுரையீரலுக்கு அந்த 800 அடி வித்தியாசம் தெரியவில்லை. கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவு காற்றுதான் அங்கே. ஜீப்பிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் படிகளில் இருபது எட்டுக்கு ஒருமுறை நின்றேன்.

பத்மசம்பவர் எட்டாம் நூற்றாண்டில் இந்த வழியாகத் திபெத் போனபோது, குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடுவதால் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று மக்கள் முறையிட்டார்களாம். அவர் ஓரிடத்தில் கை வைத்தார், அந்த இடம் அதன்பிறகு உறைவதில்லை என்பது நம்பிக்கை. குரு நானக் வந்தார் என்று நம்பும் சீக்கியர்களும் உண்டு. யாருடைய இடம் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. கரையில் எல்லா மதத்துக்குமான ஒரு சிறு வழிபாட்டு மண்டபம், சுற்றிலும் காற்றில் படபடக்கும் மந்திரக்கொடிகள். மாஷிமா மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, செம்பை நீரில் அமிழ்த்தினார். நிரம்பியதும் சேலைத் தலைப்பால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்தத் தண்ணீர் கங்கையைவிடச் சுத்தம் என்றார் என்னிடம், ரகசியம் சொல்வது போல.

நான் மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார் தாஜு. கலங்கல் எங்கே என்று பார்க்கிறேன் என்றேன். சொல் புரியவில்லை. எங்கள் ஊர் ஏரியைத் தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். இது கரை, இது மதகு, வேண்டியபோது திறப்போம். இது கலங்கல், மிஞ்சியது தானாக வழியும். மழையில் கரை உடைந்தால் கீழே ஊர் போய்விடும், அதனால் இரவில்கூட ஆள் காவல் இருப்பார்கள். தாஜு குனிந்து வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு காங்செங்யாவின் அடிவாரத்தைக் காட்டி, அங்கே இன்னும் ஏரிகள் இருக்கின்றன, சாலையிலிருந்து தெரியாது என்றார். செயற்கைக்கோள் படங்களில் பார்த்தால் தெரியும். பனியாற்றின் மூக்குக்கும் இந்த ஏரிக்கும் நடுவே சில ஏரிகள், அண்மைக் காலத்துப் பனி உருகலில் பிறந்தவை. பனி பின்வாங்கும் ஒவ்வோர் ஆண்டும் அவற்றுக்கு இடம் கூடுகிறது.

அந்தக் கரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். புவியியலில் அவற்றுக்கு மொரைன் என்று பெயர். நம் ஏரிக்கரை மண்ணை அடுக்கி, மிதித்து, இறுக்கிப் போட்டது. மொரைன் அப்படி இல்லை. யானை அளவுப் பாறையும் மாவு போன்ற தூளும் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து குவிந்தது. பல இடங்களில் அதன் வயிற்றுக்குள் பழைய பனிக்கட்டி புதைந்து கிடக்கும். உறைந்த மண்ணும் அந்தப் பனிக்கட்டியும்தான் அதைச் சாந்து போலப் பிடித்து வைத்திருக்கின்றன. வெப்பம் ஏறினால் சாந்து உருகும்.

திரும்பும் வழியில் ஏரியின் நீர் வெளியேறும் ஓடையைக் கடந்தோம். கணுக்கால் ஆழம், கண்ணாடி போன்ற தண்ணீர். அதுதான் பள்ளத்தாக்கில் வேறு ஓடைகளோடு கூடி, தாங்குவைத் தாண்டி, லாச்செனைத் தாண்டி, சுங்தாங் அணையில் பாசி நிறத்தில் கிடந்த தண்ணீர்.

ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 3 இரவில், குருதோங்மாருக்கு மேற்கே இன்னொரு ஏரியின் கரை போயிற்று. தென் லோனக். 1977-இல் 17 ஹெக்டேர் சொச்சம் இருந்த ஏரி. பனியாறு சுருங்கச் சுருங்க வளர்ந்து, 2023 செப்டம்பர் முடிவில் 167 ஹெக்டேரைத் தொட்டிருந்தது. அபாயம் தெரியாமல் இல்லை. 2016-இல் எட்டு அங்குல பிளாஸ்டிக் குழாய்கள் மூன்றைக் கரைமேல் போட்டு, சைஃபன் முறையில் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றிப் பார்த்தார்கள். மதகில்லாத ஏரிக்கு மனிதர்கள் வைக்க முயன்ற மதகு அது, ஏரியின் அளவுக்கு மிகச் சிறியது. 2023 செப்டம்பரில் ஒரு குழு ஏறிப் போய்க் கேமராவும் வானிலைக் கருவியும் வைத்துவிட்டு வந்தது. கீழே உள்ளவர்களை எழுப்பும் எச்சரிக்கை மணி அடுத்த கட்டத்தில் வருவதாக இருந்தது.

பின்னர் 2025-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு நடந்ததை விவரிக்கிறது. ஏரியின் பக்கவாட்டு மொரைனிலிருந்து 1 கோடியே 47 லட்சம் கன மீட்டர் உறைமண் சரிந்து நீரில் விழுந்தது. எழுந்த அலையின் உயரம் 20 மீட்டர். அது முகப்புக் கரையை அறுத்தது, 5 கோடி கன மீட்டர் நீர் வெளியேறியது. வழியில் பள்ளத்தாக்கின் ஓரங்களையெல்லாம் அரித்துச் சேறும் பாறையுமாகக் கனத்து, லாச்செனுக்குச் சற்று மேலே எங்கள் ஆற்றில் சேர்ந்தது. சுங்தாங்கில் 60 மீட்டர் அணை சில நிமிடங்களில் இல்லாமல் போயிற்று. தேக்கி வைத்திருந்த தண்ணீரும் வெள்ளத்தோடு சேர்ந்துகொண்டது. பாலங்கள் போயின. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் கிடைக்கவே இல்லை. சேற்றுநீர் வங்கதேசம் வரை போயிற்று.

2025 ஜனவரியில், அதே இடத்தில் அணையை மறுபடி கட்ட ஒன்றிய அரசின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. இம்முறை கான்கிரீட், 118 மீட்டர் உயரம். சிக்கிமின் மேற்பகுதியில் சிறிதும் பெரிதுமாக முந்நூறுக்கும் மேற்பட்ட பனியாற்று ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் கரைகளை நடந்து பார்க்க ஆளும், இரவில் கூவி எழுப்ப மணியும் முதலில் வரட்டும், சுவர் பிறகு உயரட்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. 2024-இல் அரசு அனுப்பிய ஒரு குழு ஆறு ஏரிகளுக்கு ஏறிப் போய் ஆழம் பார்த்துக் கரைகளை ஆராய்ந்துவிட்டு வந்தது. அப்படிப் போனவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த உயரத்தில் இருபது எட்டு வைப்பது என்ன என்று எனக்குத் தெரியும்.

வெள்ளம் நடந்த பிறகு பல நாள் தாஜுவின் எண் கிடைக்கவில்லை. நவம்பர் நடுவில் அவரே கூப்பிட்டார். அன்று மங்கனில் இருந்ததால் தப்பினாராம், ஜீப்பும் தப்பியது. லாச்செனுக்குச் சாலை இல்லை, தொழில் இல்லை. சுங்தாங்கைப் பற்றிக் கேட்டேன்.

“நீங்கள் டீ குடித்த இடம் இப்போது ஆறு, சார்.”

கடைக்காரப் பெண்ணைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவரும் சொல்லவில்லை. குருதோங்மார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அது அப்படியேதான் இருக்கும், போய்ப் பார்க்கத்தான் வழி இல்லை என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. என் பக்கத்து இரைச்சல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், அங்கே மழையா என்றார். ஆமாம், நான்கு நாளாக விடாமல் பெய்கிறது, ஏரி நிரம்பிவிட்டது என்றேன்.

“கரையைப் பார்க்க ஆள் போயிருக்கிறார்களா?” என்று கேட்டார் தாஜு.